திறனறி தேர்வுக்குத் தயாராவது எப்படி? தேசிய சேவைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு பாடம்



போன மாதம் என் தம்பிக்குத் தேசிய சேவைக்கு முந்திய பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. மருத்துவப் பரிசோதனையோடு, ஆப்டிடியூட் டெஸ்ட் என்று நாம் சொல்லும் திறனறி தேர்வும் இருக்கும். "அண்ணா, இதுக்கெல்லாம் படிக்கணுமா? சும்மா போய் உட்கார்ந்தா போதும்னு கூட்டாளிங்க சொல்றாங்களே" என்றான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். முதல் நாள் இரவு இரண்டு மணி வரை கேம் விளையாடிவிட்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய் உட்கார்ந்தேன். கேள்விகளைப் பாதி படித்துப் பாதி ஊகித்தேன். வெளியே வந்ததும் "ஈஸிதான்" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பேருந்து ஓட்டுநர். "ஆபீசர் ஆவியாடா?" என்று கேட்டார். "பாத்துக்கலாம்பா" என்றேன்.

நான் அதிகாரி ஆகவில்லை. சார்ஜண்ட் ஆனேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. என் செக்‌ஷனில் இருந்த பையன்கள் இன்றும் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் என்னால் முடிந்ததை நான் காட்டவே இல்லையே என்ற உறுத்தல் மட்டும் இருக்கிறது. இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தம்பிக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாடத்தை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. உண்மையான தேர்வில் என்ன கேள்வி வந்தது என்று நான் எழுதப் போவதில்லை. அதை யாரிடமும் கேட்டு அலையாதீர்கள். "லீக் ஆன கேள்வி இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வந்தாலும் திறக்காதீர்கள். நாளைக்கு முப்பது பேரை நம்பி ஒப்படைக்கும் பொறுப்புக்குத்தான் இந்தத் தேர்வு. அதன் வாசலிலேயே ஏமாற்றினால் அப்புறம் என்ன மிச்சம்? நான் சொல்லித் தரப்போவது இந்த வகைத் தேர்வுகளில் உலகம் முழுக்க வரும் பொதுவான கேள்வி வகைகள். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் நானே போட்டவை.

1. இந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது?

சிங்கப்பூரில் அதிகாரிப் பயிற்சியின் கதை 1966-இல் பாசிர் லாபாவில் சாஃப்டி பயிற்சிக் கழகத்தோடு தொடங்குகிறது. முதல் தொகுதியில் 117 பேர் 1967 ஜூலையில் அதிகாரிகளாகப் பதவி ஏற்றார்கள். தேசிய சேவைத் திருத்தச் சட்டம் வந்ததும் அதே 1967-இல்தான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் படையில் சேரும்போது, யாரை எந்தப் பொறுப்பில் வைப்பது என்ற கேள்வி தானாக வருகிறது.

இந்தக் கேள்வி பழையது. திருக்குறளில் 51, 52 ஆகிய இரண்டு அதிகாரங்கள், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், இதைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆளைச் சோதித்துப் பார்த்து நம்பு. நம்பியபின் அவனுக்குப் பொருந்தும் வேலையைக் கொடு. தெரிந்தவன், வேண்டியவன் என்று கொடுக்காதே.

எழுத்துத் தேர்வாகப் பெரிய அளவில் இதைச் செய்தது முதல் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவம். 1917-இல் ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியலாளர் தலைமையில் ‘ஆல்ஃபா’, ‘பீட்டா’ என்று இரண்டு தேர்வுகளைத் தயாரித்தார்கள். சுமார் 17 லட்சம் பேர் எழுதினார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா. தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா. ஆனால் ஆல்ஃபாவில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்கக் கடைகளில் விற்கும் பொருள்கள், பேஸ்பால் ஆட்டக்காரர் பற்றியெல்லாம் கேள்விகள் இருந்தன. அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கிய இத்தாலிக்காரனுக்கோ போலந்துக்காரனுக்கோ அது எப்படித் தெரியும்? அவன் முட்டாள் இல்லை. அந்த ஊருக்குப் புதியவன், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்தத் தேர்வும் மூளையை மட்டும் அளப்பதில்லை. பழக்கத்தையும் சேர்த்தே அளக்கிறது. அந்தக் கேள்வி வகையை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பவன், "இது என்ன கேக்குது?" என்று புரிந்துகொள்வதற்கே நேரத்தைச் செலவழிக்கிறான். ஏற்கெனவே பார்த்தவன் அந்த நேரத்தில் விடையை யோசிக்கிறான். நம்மால் மாற்ற முடிந்தது இந்த வித்தியாசத்தைத்தான். ஒரு மாதத்தில் மூளையை மாற்ற முடியாது. ஆனால் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ள முடியும்.

2. கேள்வி வகைகள்

*எண் வரிசை.* 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன? முதலில் பக்கத்து எண்களின் வித்தியாசத்தை எழுதுங்கள்: 4, 6, 8, 10. அடுத்த வித்தியாசம் 12. விடை 42.

வித்தியாசம் வேகமாக ஏறினால் பெருக்கலைத் தேடுங்கள். 3, 7, 15, 31 என்றால் ஒவ்வொன்றும் இரட்டிப்பாகி ஒன்று கூடுகிறது. விடை 63. எண்கள் ஏறி இறங்கித் தாவினால் இரண்டு வரிசைகள் பின்னிக்கிடக்கின்றன என்று சந்தேகப்படுங்கள். 5, 20, 7, 18, 9, 16 என்பதை ஒன்றுவிட்டு ஒன்று படித்தால் 5, 7, 9 ஒரு வரிசை. 20, 18, 16 இன்னொன்று. அடுத்தது 11. இந்த மூன்று சோதனையையும் இதே ஒழுங்கில் செய்யப் பழகினால் பெரும்பாலான வரிசைகள் அரை நிமிஷத்துக்குள் அவிழ்ந்துவிடும்.

*பட வரிசை.* ஒன்பது கட்டங்கள், கடைசிக் கட்டம் காலி. 1938-இல் ஜான் ரேவன் வெளியிட்ட தேர்விலிருந்து இந்த வகை உலகம் முழுக்கப் பரவியது. முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தால் தலை சுற்றும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு அம்சத்தை மட்டும் பாருங்கள். எத்தனை உருவம்? எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? உள்ளே கறுப்பா வெள்ளையா? எந்த மூலையில் இருக்கிறது? ஒவ்வோர் அம்சம் முடிந்ததும் பொருந்தாத விடைகளை வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று அம்சத்திலேயே ஒரு விடைதான் மிஞ்சும்.

*வேகமும் நேரமும்.* ஒரு லாரி 24 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே தூரத்தை 60 வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? அவசரக்காரன் 50 என்பான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். போவதற்கு 36 நிமிஷம், வருவதற்கு 24 நிமிஷம், மொத்தம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் ஓடிய தூரம் 48 கிலோமீட்டர். ஆகவே சராசரி 48. மெதுவாகப் போகும்போது அதிக நேரம் ஆகிறது. அதனால் சராசரி மெதுவான பக்கம் சாய்கிறது. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் சூத்திரம் மறந்தாலும் பயமில்லை.

*திசை.* வடக்கு நோக்கி நிற்கிறீர்கள். வலப்பக்கம் 90 பாகை, பிறகு பின்திரும்பல், பிறகு இடப்பக்கம் 45 பாகை. வடக்கு, கிழக்கு, மேற்கு, கடைசியில் தென்மேற்கு. தொடக்கத்தில் எழுந்து நின்று உடம்பைத் திருப்பியே பழகுங்கள். என் தம்பி வீட்டு வரவேற்பறையில் சுற்றிச் சுற்றி நின்றதைப் பார்த்து அம்மா, "இவனுக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் உட்கார்ந்தபடியே செய்ய வந்துவிட்டது.

*கன உருவம்.* வெளிப்புறம் முழுக்க வண்ணம் பூசிய ஒரு கனசதுரத்தை 27 சிறு கனங்களாக வெட்டினால், மூன்று பக்கம் வண்ணம் உள்ளவை 8, இரண்டு பக்கம் 12, ஒரு பக்கம் 6, வண்ணமே இல்லாதது 1. மூலை, விளிம்பு, முகம், உள்ளே என்று நான்காகப் பிரித்து எண்ணுங்கள். கூட்டினால் 27 வரவேண்டும். விரித்த பெட்டியை மடிக்கும் கேள்விக்கு ஒரு விதி: ஒரே நேர்கோட்டில் நடுவில் சரியாக ஒரு சதுரம் விட்டு இருக்கும் இரண்டும், மடித்தபின் எதிரெதிர் பக்கங்கள். அவை ஒருபோதும் பக்கத்தில் வராது. பழைய சீரியல் பெட்டியை வெட்டி மடித்துப் பாருங்கள். திரையில் நூறு படம் பார்ப்பதைவிடக் கையால் பத்துப் பெட்டி மடிப்பது மேல்.

*இயந்திரம்.* பற்சக்கரங்கள் வரிசையாகக் கடித்து நின்றால் ஒன்று விட்டு ஒன்று எதிர்த்திசையில் சுற்றும். முதலாவதும் மூன்றாவதும் ஒரே திசை. 12 பல் சக்கரம் 36 பல் சக்கரத்தைச் சுற்றினால், சிறியது மூன்று சுற்று சுற்றும்போது பெரியது ஒரு சுற்று. மூன்று சக்கரங்கள் முக்கோணமாக ஒன்றையொன்று கடித்தால்? எதுவுமே சுற்றாது, பூட்டிக்கொள்ளும். இந்தப் பொறியில் பலர் விழுவார்கள்.

நெம்புகோலுக்கு, எடையைத் தூரத்தால் பெருக்குங்கள். நடுவிலிருந்து 2 மீட்டரில் 60 கிலோ என்றால் 120. மறுபக்கம் 40 கிலோவை 3 மீட்டரில் வைத்தால் சமநிலை. கப்பிக்கு, சுமையைத் தாங்கும் கயிற்று இழைகளை எண்ணுங்கள். இரண்டு இழை என்றால், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், பாதி பலம் போதும்; ஆனால் சுமையை ஒரு மீட்டர் தூக்க இரண்டு மீட்டர் கயிறு இழுக்கவேண்டும். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும்.

*தர்க்கம்.* "எல்லா அதிகாரிகளும் நன்றாக ஓடுவார்கள். குமார் நன்றாக ஓடுவான். ஆகவே குமார் ஓர் அதிகாரி." சரியா? தவறு. நன்றாக ஓடும் தபால்காரரும் இருக்கலாமே. சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள். உங்களுக்கு வெளியே தெரிந்ததைச் சேர்க்காதீர்கள். படித்துப் புரிந்துகொள்ளும் பத்திகளுக்கும் இதுவே விதி.

3. தப்புக் கணக்கு எழுதும் நோட்டு

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீடு தப்பாக வந்தால், "தப்பு" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது. தப்பு எங்கிருந்து வந்தது, கருவியாலா கையாலா என்று எழுதவேண்டும். அதையே தம்பிக்கும் செய்யச் சொன்னேன். ஒரு பழைய நோட்டில் மூன்று பத்தி: தெரியாதது, அவசரம், நேரம் போதாதது. தப்பான ஒவ்வொரு கேள்வியையும் இந்த மூன்றில் ஒன்றில் போடவேண்டும்.

முதல் வாரம் 40 கேள்வி செய்தான், 13 தப்பு. "எனக்குக் கணக்கு வராதுண்ணா" என்று நோட்டைத் தள்ளினான். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். உண்மையிலேயே தெரியாதது மூன்றுதான். நேரம் போதாதது இரண்டு. மீதி எட்டும் அவசரம்! "எது பொருந்தாது" என்ற கேள்விக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்திருந்தான். நிமிஷத்தில் கேட்டதற்கு மணியில் விடை போட்டிருந்தான்.

பாருங்கள், அவனுக்கு வேண்டியது கணக்கு டியூஷன் இல்லை. கேள்வியின் கடைசி வரியை இரண்டு தடவை படிக்கும் பழக்கம். இந்த நோட்டு இல்லாவிட்டால் "நான் மக்கு" என்று அவன் முடிவு கட்டியிருப்பான். நம்மில் பலர் அப்படித்தான் சின்ன வயதிலேயே நம்மைப் பற்றித் தப்பான முடிவுக்கு வந்துவிடுகிறோம். எண்ணிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அவசரத்துக்கு மருந்து, நேரத்தை முன்கூட்டியே பங்கு போடுவது. 20 நிமிஷத்தில் 30 கேள்வி என்றால் ஒன்றுக்கு 40 விநாடி. திரும்பிப் போக அனுமதிக்கும் தேர்வாக இருந்தால் மூன்று சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் பார்த்ததும் தெரிந்தவை. இரண்டாவதில் கொஞ்சம் யோசித்தால் வருபவை. கடைசியில் முரண்டு பிடிப்பவை. திரும்பிப் போக முடியாத தேர்வாக இருந்தால், ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டாமல் பொருந்தாததை வெட்டி, மிஞ்சியதில் ஒன்றைத் தேர்ந்துவிட்டு நகருங்கள். எது எந்த வகை என்பது தொடக்க விளக்கத்தில் இருக்கும். நான் அந்த விளக்கத்தைப் படிக்காமலே "அடுத்து" என்று தட்டியவன். நீங்கள் படியுங்கள்.

4. ஆறு வார அட்டவணை

ஒரு நாளைக்கு 40 நிமிஷம் போதும். பள்ளிப் பாடத்தைக் கெடுத்துக்கொண்டு இதைச் செய்யவேண்டாம்.

முதல் வாரம்: நேரம் பார்க்காமல், எல்லா வகையிலும் கொஞ்சம். நோட்டைத் தொடங்குங்கள்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: நோட்டில் ‘தெரியாதது’ பத்தியில் உள்ள வகைகளை மட்டும். ஏழாவது எட்டாவது வாய்ப்பாடு, பின்னம், சதவீதம் தடுமாறினால் இப்போதே திருத்துங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காம், ஐந்தாம் வாரம்: கடிகாரம் வைத்து. இருபது நிமிஷம் தேர்வு, இருபது நிமிஷம் தப்பு பார்ப்பது. தப்பு பார்க்கும் பாதியை விட்டுவிடாதீர்கள்; பலன் அங்கேதான் இருக்கிறது.

ஆறாம் வாரம்: பாதியாகக் குறையுங்கள். தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். தேர்வு காலையில் என்றால் காலையில் பயிற்சி செய்யுங்கள்.

இதோடு ஓட்டமும் உண்டு. ஐ.பி.பி.டி. தேர்வில் 100 புள்ளிகளில் 50 புள்ளி 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு. புஷ்-அப், சிட்-அப் இரண்டுக்கும் தலா 25. வாரத்துக்கு மூன்று நாள் ஓடுங்கள். களைத்த உடம்பில் மூளையும் களைத்துப்போகும். தெக்கோங் தீவில் முதல் வாரத்திலேயே இது புரிந்துவிடும்.

தேர்வில் "நீ எப்படிப்பட்டவன்" என்று கேட்கும் மனப்பாங்குக் கேள்விகள் வந்தால், உள்ளதைச் சொல்லுங்கள். ‘நல்ல பையன்’ விடை எது என்று தேடாதீர்கள். இத்தகைய கேள்வித்தாள்களில் ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் திரும்பக் கேட்பது வழக்கம். நடிப்பவன் அங்கே முரண்படுவான்.

5. திரைக்கு வெளியே இருக்கும் தேர்வு

திறனறி தேர்வில் மட்டும் அதிகாரியைத் தேர்ந்தெடுத்துவிடுவதில்லை. அடிப்படை ராணுவப் பயிற்சியின்போது நம் நடத்தை, உடற்பயிற்சி, கூட இருப்பவர்களின் கருத்து எல்லாம் சேரும். சிட்டெஸ்ட் என்று சொல்லும் சூழ்நிலைச் சோதனையும் உண்டு. ஒரு குழுவுக்கு ஒரு சிக்கலும் கொஞ்ச நேரமும் கொடுத்து, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

இந்த வகைச் சோதனைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டன் ராணுவம் அதிகாரிகளைச் சின்ன நேர்காணலில் எடுத்தது. எந்தப் பள்ளி, எந்தக் குடும்பம் என்பதற்கு அங்கே பெரிய மதிப்பு. அப்படி எடுத்தவர்களில் நிறைய பேர் பயிற்சியில் தேறாமல் திரும்பினார்கள். 1942-இல் முறையை மாற்றினார்கள். வில்ஃப்ரட் பையன் என்ற மனநல மருத்துவர், தலைவன் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவுக்கு வேலை கொடுத்துப் பார்க்கும் வழியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் இன்றும் ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வு அந்த மரபில் வந்ததுதான். அப்பா யார், வீடு எங்கே என்று பார்க்காமல், கண்ணெதிரே என்ன செய்கிறான் என்று பார்ப்பதற்காக வந்த முறை இது. பேருந்து ஓட்டுநர் மகனான எனக்குச் சாதகமான முறை.

அந்த வாய்ப்பைத்தான் நான் விட்டேன்.

எங்கள் குழுவுக்குக் கொடுத்த சிக்கல் என்ன என்று எழுதமாட்டேன். ஆனால் முதல் இரண்டு நிமிஷத்திலேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. கப்பி, நெம்புகோல் மாதிரி பள்ளியில் படித்த விஷயம்தான். வாய் திறக்கவில்லை. குழுவில் இரண்டு பேர் சரளமான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனார்கள். நான் மனதுக்குள் தமிழில் யோசித்து, அதை ஆங்கிலத்தில் அடுக்கி, இலக்கணம் சரியா என்று பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற பயம். பாதி நேரத்துக்கு மேல் போனபின் வேறொருவன் அதே வழியைச் சொன்னான். எல்லாரும் "ஆமா!" என்றார்கள். முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது.

அன்று இரவு பங்க்கில் படுத்துக்கொண்டு நினைத்தேன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லியிருந்தால் எட்டுப் பேரும் முடித்திருப்பார்கள். என் வெட்கம் எனக்கு மட்டும் நஷ்டம் இல்லை, அவர்களுக்கும் நஷ்டம். அதுவரை அமைதியாக இருப்பதை அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

யாரையும் குறை சொல்லவில்லை. பேசியவர்கள் மேல் தப்பே இல்லை. அவர்களாவது முயற்சி செய்தார்கள். பேச வேண்டிய நேரத்தில் பேசாதது நான்.

அதனால் தம்பிக்கு இதையும் பயிற்சியாகவே கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் புளோக்கின் வாய்ட் டெக்கில் அவனும் கூட்டாளிகள் ஐந்து பேரும். தரையில் நான்கு பழைய செய்தித்தாள். ஒரு தூணிலிருந்து மறுதூண் வரை தரையில் கால் படாமல் எல்லாரும் போகவேண்டும். பத்து நிமிஷம். மேல்மாடி அத்தை சந்தைப் பையோடு நின்று வேடிக்கை பார்த்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவன் தலைவன். ஐந்து விஷயத்தைத்தான் கவனிக்கச் சொன்னேன்:

ஒன்று, என்ன செய்யவேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் உரக்கச் சொல்.

இரண்டு, கையில் என்ன இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எண்ணு.

மூன்று, "யாருக்காவது யோசனை இருக்கா?" என்று கேள். முக்கியமாக, பேசாமல் நிற்பவனைப் பார்த்துப் பேர் சொல்லிக் கேள்.

நான்கு, ஒரு வழியைத் தேர்ந்து, யார் என்ன செய்வது என்று பிரித்துக் கொடு.

ஐந்து, பாதி நேரத்தில் நின்று பார். வழி சரியில்லை என்றால் மாற்று. மாற்றுவது தோல்வி இல்லை.

தலைவனாக இல்லாத சுற்றில் ஒரே ஒரு விதி: முதல் ஒரு நிமிஷத்துக்குள் ஒரு வாக்கியமாவது பேசவேண்டும். இலக்கணம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. "கேன் ஐ சஜஸ்ட் சம்திங்?" என்ற நாலு வார்த்தை போதும், கதவு திறந்துவிடும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் தம்பி யாரும் கேட்காமலே கையைத் தூக்கினான். அவன் சொன்ன யோசனை வேலை செய்யவில்லை. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

6. தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

முதல் நாள் இரவு பத்து மணிக்குப் படுங்கள். அடையாள அட்டை, கேட்ட ஆவணங்கள் பையில் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கண்ணாடி போடுபவர்கள் மறக்கவேண்டாம். கணினித் திரையில் விளக்கம் வரும்போது இரண்டு தடவை படியுங்கள்.

பிறகு என்ன வந்தாலும் சரி. அதிகாரிப் பயிற்சி என்றால் 38 வாரம், சுலபம் இல்லை. ஸ்பெஷலிஸ்ட் என்றால், படையில் பையன்களுக்கு மிகப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள்தான். ஓட்டுநர், மருத்துவ உதவியாளர், எழுத்தர் எதுவானாலும் அது இல்லாமல் முகாம் ஒரு நாள் நகராது. தங்கைகளே, நீங்களும் விரும்பினால் நிரந்தரப் படையில் அதிகாரியாகச் சேரலாம். உபகாரச் சம்பளத் தேர்வு, வேலைத் தேர்வு என்று இதே வகைக் கேள்விகள் வேறு இடங்களிலும் வரும். இந்த நோட்டு எல்லாருக்கும் உதவும்.

தம்பி போன வாரம் தேர்வு எழுதிவிட்டு வந்தான். "எப்படிடா?" என்று அப்பா கேட்டார். "ரெண்டு மூணு கேள்வி விட்டுட்டேன்பா. மத்ததெல்லாம் படிச்சுப் பாத்துதான் போட்டேன்" என்றான். அப்பா தலையாட்டிவிட்டு, இரவு வேலைக்குச் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என்ன முடிவு வரும் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. நோட்டு இப்போது எதிர்வீட்டுப் பையனிடம் இருக்கிறது.

பயிற்சி (ஐந்து நிமிஷம், கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்)

1. 4, 9, 19, 39, அடுத்தது என்ன?

2. 50, 3, 45, 6, 40, 9, அடுத்தது என்ன?

3. தெற்கு நோக்கி நிற்கிறீர்கள். இடப்பக்கம் 90 பாகை, பின்திரும்பல், வலப்பக்கம் 45 பாகை. இப்போது எந்தத் திசை?

4. ஐந்து பற்சக்கரங்கள் ஒரே வரிசையில். முதலாவது கடிகாரத் திசையில் சுற்றினால் ஐந்தாவது எந்தத் திசை?

5. 6 பேர் ஒரு பதுங்குகுழியை 4 மணி நேரத்தில் தோண்டினால், அதே வேகத்தில் 8 பேருக்கு எவ்வளவு நேரம்?

6. வெளிப்புறம் வண்ணம் பூசிய கனசதுரத்தை 64 சம கனங்களாக வெட்டினால் வண்ணமே படாதவை எத்தனை?

7. "சில வீரர்களுக்கு நீச்சல் தெரியும். நீச்சல் தெரிந்த எல்லாருக்கும் படகு ஓட்டத் தெரியும். ஆகவே சில வீரர்களுக்குப் படகு ஓட்டத் தெரியும்." இந்த முடிவு சரியா?

விடைகள்: 1) 79. 2) 35. 3) வடமேற்கு. 4) கடிகாரத் திசை. 5) 3 மணி நேரம். 6) 8. 7) சரி.

தப்பானவற்றை அடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். எந்தப் பத்தியில் சேரும் என்று எழுதுங்கள்: தெரியாததா, அவசரமா, நேரமா?